இடைத்தண்டு பேரிங் தேய்மானம்

இடைத்தண்டு பேரிங் தேய்மானம் என்பது போர்ஷே நிறுவனத்தின் பாக்ஸ்டர் (986), 911 (996) ஆகிய விளையாட்டுக் கார்களில் இருந்த எம்96 எஞ்சினில் காணப்படும் கோளாறு ஆகும். பேரிங் சிறியதுதான். ஆனால் அது உடைந்தால் பெரும்பாலும் எஞ்சினே வீணாகிவிடும் என்பதால், பழைய கார் வாங்குவோர் முதலில் இதைப் பற்றித்தான் விசாரிக்கின்றனர்.

அமைப்பும் காரணமும்

இந்த எஞ்சினில் கிராங்க் தண்டு ஒரு சங்கிலி மூலம் இடைத்தண்டைச் சுழற்றுகிறது. இடைத்தண்டிலிருந்து வேறு சங்கிலிகள் கேம் தண்டுகளைச் சுழற்றுகின்றன. இடைத்தண்டின் ஃப்ளைவீல் பக்க முனையைத் தாங்குவது, கிரீஸ் அடைத்து சீல் செய்யப்பட்ட ஒரு பால் பேரிங். நாளடைவில் சூடான எஞ்சின் ஆயில் சீல் வழியே கசிந்து உள்ளே புகுந்து கிரீஸைக் கரைத்துவிடுகிறது. அப்படிப் புகுந்த ஆயில் எளிதில் வெளியேறுவதில்லை. புது ஆயிலும் போதிய அளவு உள்ளே வருவதில்லை. கெட்டுப்போன ஆயிலில் சுழலும் எஃகுக் குண்டுகளில் குழிகள் விழுகின்றன. பேரிங் தளர்ந்து தண்டு ஆடினால் சங்கிலியின் ஒழுங்கு தவறி, வால்வுகள் பிஸ்டன்களில் மோதுகின்றன.

குறைந்த கிலோமீட்டர் ஓடிய கார் என்றாலே நல்ல கார் என்ற எண்ணம் இங்கே பொருந்தாது. மாதக்கணக்கில் நிறுத்தியே வைக்கப்படும் காரிலும், எஞ்சின் முழுதாகச் சூடேறும் முன்பே அணைக்கப்படும் காரிலும் ஈரமும் அமிலமும் ஆயிலிலேயே தங்கி பேரிங்கை அரிக்கின்றன.

வகைகள்

தொடக்கத்தில் இரட்டை வரிசைக் குண்டுகள் கொண்ட பேரிங் இருந்தது. பின்னர் வந்த ஒற்றை வரிசைப் பேரிங்கே அதிகச் சிக்கல் தந்தது. அமெரிக்காவில் 2001 மே முதல் 2005 பிப்ரவரி வரை தயாரான கார்கள் குறித்துத் தொடரப்பட்ட கூட்டு வழக்கு 2013இல் சமரசத்தில் முடிந்தது. 2006 வாக்கில் வந்த பெரிய பேரிங் உறுதியானது. ஆனால் எஞ்சினைப் பிரிக்காமல் அதைக் கழற்ற முடியாது. 2009 மாடல் 911 எஞ்சினில் இடைத்தண்டே இல்லை. 996 டர்போ, ஜிடி3 கார்களின் எஞ்சின் வேறு என்பதால் அவற்றுக்கு இக்கோளாறு இல்லை.

தடுப்பு

ஆயிலை அடிக்கடி மாற்றுவதும், காரை அவ்வப்போது நன்கு சூடேறும் வரை ஓட்டுவதும் தேய்மானத்தைக் குறைக்கும். பேரிங்கை எட்ட கியர்பாக்ஸை இறக்கியாக வேண்டும். எனவே கிளட்ச் மாற்றும்போதே, கூலி இரட்டிப்பாகாமல், பேரிங்கையும் மாற்றிவிடுவது வழக்கம். பீங்கான் குண்டுகள் கொண்ட பேரிங்குகளும், ஆயில் நேரடியாகப் பாயும் வகைகளும் மாற்றாகக் கிடைக்கின்றன.

மாற்றுவதற்கு முன் ஆயில் ஃபில்டரை வெட்டிப் பார்ப்பது அவசியம். அதில் காந்தத்தில் ஒட்டும் உலோகத்துகள்கள் இருந்தால், அவை ஏற்கெனவே ஆயிலோடு எஞ்சின் முழுவதும் பரவியிருக்கக்கூடும். அந்நிலையில் புது பேரிங் மட்டும் போடுவதால் பயன் இல்லை.