பொன்னேரிக் கரைக்கு ஒரு வெங்காய ரொட்டி

கங்கைகொண்ட சோழபுரத்துக்குக் குடும்பத்தோடு கிளம்பினால் எங்கள் வீட்டில் புளியோதரைதான் வழக்கம். போன தை மாதம் அதை மாற்றினேன். முதல் நாள் இரவே காரமாக இரண்டு வெங்காய ரொட்டி சுட்டு, வெள்ளை வேட்டித் துணியில் சுற்றி எடுத்துப் போனோம்.

அம்மாவுக்கு முதலில் மனம் ஒப்பவில்லை. ரொட்டி என்றால் காய்ச்சல்காரருக்குப் பாலில் நனைத்துக் கொடுப்பது என்பது அவர் கணக்கு. நம்மில் பலருக்கும் அப்படித்தான். ஆனால் ஆப்ப மாவில் கள்ளை ஊற்றிப் புளிக்க வைத்தவர்கள் நாம். கோவாவில் ரொட்டி மாவையே கள்ளால்தான் உப்ப வைத்தார்கள். கள்ளில் வேலை செய்வதும் கடையில் விற்கும் ஈஸ்ட்டும் ஒரே இனம். யாழ்ப்பாணத்தார் 'பாண்' என்று சொல்வது போர்த்துக்கீசியச் சொல்தான். அதற்காக அதை யாரும் அங்கே அந்நியச் சாப்பாடாக நினைப்பதில்லை.

இந்த ரொட்டிக்குள் போகும் வெங்காயமும் முந்திரியும் இந்த மண்ணில் விளைபவை. பெரம்பலூர்ப் பக்கம், செட்டிகுளம் வட்டாரம், சின்ன வெங்காயத்துக்குப் பேர் போனது. ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் முந்திரிக்காடு.

அரைக் கிலோ மாவு. பாதி மைதா, பாதி கோதுமை. ஒன்றரைத் தேக்கரண்டி ஈஸ்ட், இரண்டு தேக்கரண்டி உப்பு, இரண்டு மேசைக்கரண்டி நல்லெண்ணெய், சுமார் 300 மில்லி வெதுவெதுப்பான தண்ணீர். கால் கிலோ சின்ன வெங்காயத்தைப் பொடியாக நறுக்கி, பச்சை மிளகாய், கறிவேப்பிலை, இடித்த மிளகோடு ஈரம் வற்றும் வரை வதக்க வேண்டும். இதில்தான் அவசரப்படக் கூடாது. முதல் முறை நான் பாதி வதங்கிய வெங்காயத்தைச் சேர்த்தேன்; மாவு குழகுழத்து, ரொட்டியின் நடுப்பகுதி களியாகிவிட்டது. வதக்கியதை நன்றாக ஆறவிட்டு, உடைத்த முந்திரி ஒரு கைப்பிடியோடு மாவில் சேருங்கள். பத்து நிமிடம் அழுத்திப் பிசைந்து மூடி வைத்தால், நம் ஊர் வெக்கைக்கு ஒரு மணி நேரத்தில் இரு மடங்காகிவிடும். இரண்டாகப் பிரித்து உருட்டி இன்னொரு அரை மணி நேரம் வைத்து, 200 டிகிரியில் அரை மணி நேரம் சுட வேண்டும்.

ஓவன் இல்லையா? அடிகனமான பாத்திரத்தில் கல் உப்பைப் பரப்பி, மேலே ஒரு வளையம் வைத்து, மூடிப் பத்து நிமிடம் சூடாக்கிய பிறகு ஒவ்வொன்றாகச் சுடலாம். மேல்பக்கம் சிவக்காது, கடைசியில் திருப்பிப் போட்டால் போதும். வெந்த ரொட்டியின் அடியைத் தட்டினால் காலிப் பானையைத் தட்டிய ஓசை வரும். முழுக்க ஆறிய பிறகே துணியில் சுற்றுங்கள். சூட்டோடு சுற்றினால் வேர்த்து நசநசத்துவிடும்.

கோயிலைப் பார்த்துவிட்டுப் பொன்னேரிக் கரையில் மர நிழலில் உட்கார்ந்தோம். கங்கை வரை சென்ற வெற்றியின் நினைவாக ராஜேந்திர சோழன் வெட்டிய சோழகங்கம் இதுதான். நீரால் ஆன வெற்றித் தூண் என்று திருவாலங்காட்டுச் செப்பேடு இதைச் சொல்கிறது. அந்தக் கரையில் ரொட்டியைக் கையால் பிய்த்தபோது வெங்காயமும் மிளகும் கமகமவென்று மணத்தன. தட்டு வேண்டாம், கரண்டி வேண்டாம், கை கழுவத் தண்ணீர் தேட வேண்டாம். அம்மா இரண்டாவது துண்டையும் கேட்டு வாங்கினார்.

ஐப்பசிப் பௌர்ணமிக்குப் போகிறவர்களுக்கு மட்டும் ரொட்டி தேவைப்படாது. 13 அடி உயர லிங்கத்துக்கு அன்றைக்கு அன்னாபிஷேகம். வருகிறவர்களுக்கெல்லாம் அந்த அன்னம் பிரசாதமாகக் கிடைக்கும்.

மற்ற நாளில் போகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். 2004இல் யுனெஸ்கோ பட்டியலில் சேர்ந்த கோயில் அது. பச்சைப் புல்வெளியைப் பார்த்ததும் அங்கேயே பொட்டலத்தைப் பிரித்துவிடாதீர்கள். வெளியே வந்து சாப்பிடுங்கள். ரொட்டி சுற்றிய துணியை உதறி மடித்து வீட்டுக்கே எடுத்துப் போங்கள்.