கிந்தா உத்தாரா: நான்காண்டு வாழ்ந்த தொகுதியும் அதன் இரு பாதிகளும்

மலேசியத் தமிழரின் அரசியல் வரலாற்றைக் கற்பிக்கும்போது ‘தமிழர் தொகுதி’ என்னும் சொல்லாட்சியை நாம் தயக்கமின்றிப் பயன்படுத்துகிறோம். பேரா மாநிலத்தின் சுங்கை சிப்புட் அதற்குரிய முதல் எடுத்துக்காட்டாகக் கூறப்படுவது வழக்கம். ஆனால், இந்நாட்டின் நாடாளுமன்றத் தொகுதி எதிலும் இந்தியர் பெரும்பான்மையினர் அல்லர்; சுங்கை சிப்புட்டும் அதற்கு விலக்கன்று. அவ்வாறாயின் ஒரு தமிழ்த் தலைவர் அங்கிருந்து தொடர்ந்து வென்றது எவ்வாறு? இவ்வினாவிற்கான விடையைச் சுங்கை சிப்புட்டில் தேடுவதைக் காட்டிலும், அது பிறப்பதற்கு முன்பிருந்து இன்று பெயரளவிலும் மறைந்துவிட்ட கிந்தா உத்தாரா, அதாவது வட கிந்தா, என்னும் தொகுதியில் தேடுவதே பொருத்தமாகும்.

1955ஆம் ஆண்டு சூலை 27ஆம் நாள் மலாயாக் கூட்டரசின் சட்டமன்றத்திற்கு முதல் பொதுத்தேர்தல் நடைபெற்றது. நாடு 52 தொகுதிகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. பேராவுக்கு 10 தொகுதிகள். கிந்தா உத்தாராவில் கூட்டணிக் கட்சியின் சார்பில் நின்று வென்றவர் அவ்வாண்டே ம.இ.கா.வின் தலைவரான வீ. தி. சம்பந்தன் ஆவார். சுங்கை சிப்புட்டில் 1919இல் பிறந்து, அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில் பயின்று திரும்பிய அவர், தேர்தலுக்கு முந்தைய ஆண்டில்தான் தம் ஊரில் மகாத்மா காந்தி தமிழ்ப்பள்ளியை உருவாக்கியிருந்தார். அவசரகாலமும் அப்போது முடிவுற்றிருக்கவில்லை. 1948 சூன் 16ஆம் நாள் எல்பில் தோட்டத்திலும் அதன் அண்டைத் தோட்டத்திலும் ஐரோப்பிய நிருவாகிகள் மூவர் கொல்லப்பட்டதை அடுத்தே அவசரகாலம் அறிவிக்கப்பட்டது. அத்தோட்டங்கள் சுங்கை சிப்புட் வட்டாரத்தைச் சேர்ந்தவை.

இவ்வெற்றியைத் தோட்டத் தமிழரின் வெற்றி என்று எழுதுவோர் உளர். வாக்காளர் பட்டியல் அதற்கு இடந்தரவில்லை. 1955இல் நாடு முழுவதும் பதிவு பெற்ற ஏறத்தாழ 12 இலட்சத்து 80 ஆயிரம் வாக்காளருள் நூற்றுக்கு 84 பேர் மலாய்க்காரர். சீனர் 11 பேர். இந்தியர் ஐவருக்கும் குறைவு. மக்கள் தொகையிலோ இந்தியர் நூற்றுக்கு ஏறத்தாழ 11 பேராக இருந்தனர். லயங்களில் வாழ்ந்தோருள் பெரும்பாலோர் குடியுரிமை பெறாதவர்கள். மரம் வெட்டிப் பால் சேர்த்தவர் எத்தனை ஆயிரவராயினும் பட்டியலில் பெயர் இல்லையேல் தேர்தல் கணக்கில் அவர் இல்லாதவரே. ஆகவே சம்பந்தனை அனுப்பியது தமிழர் திரட்சி என்பதைவிட, அம்னோ, ம.சீ.ச., ம.இ.கா. ஆகிய மூன்றும் செய்துகொண்ட தொகுதிப் பங்கீடு என்பதே சரி. இவ்வாறு கூறுவது அவர்தம் செல்வாக்கைக் குறைத்து மதிப்பிடுவதாகாது.

அத்தேர்தலில் கூட்டணி 52இல் 51 தொகுதிகளை வென்றது. அண்டைத் தொகுதியான ஈப்போ-மெங்லெம்புவில் ம.சீ.ச.வின் லியோங் இயூ கோ வென்றார். 1957இல் அவர் மலாக்கா ஆளுநராக அமர்த்தப்படவே, அவ்வாண்டு நவம்பரில் அங்கு இடைத்தேர்தல் நடைபெற்றது. அதில் கூட்டணியை வீழ்த்தியவர் மக்கள் முற்போக்குக் கட்சியின் டி. ஆர். சீனிவாசகம். இவர் இலங்கைத் தமிழ் வழியினர், ஈப்போ வழக்கறிஞர். இவருக்கு வாக்களித்தோரோ பெரும்பாலும் சீனர். சீனமும் தமிழும் ஆட்சியில் இடம்பெற வேண்டுமென்ற இக்கட்சியின் பன்மொழிக் கொள்கை புதுக்கிராமங்களிலும் ஈயச் சுரங்க ஊர்களிலும் எடுபட்டது. ஒரே கிந்தாப் பள்ளத்தாக்கில் இரு தமிழர், ஒருவர் ஆட்சியிலும் மற்றவர் எதிரணியிலும், தமிழர் அல்லாதாரின் வாக்குகளையே பெரிதும் சார்ந்து நின்றனர்.

1957 அரசமைப்பு இரண்டு வகையில் இந்நிலையை மாற்றியது. முதலாவது, குடியுரிமை. விடுதலைக்குப் பின் ஓராண்டுக் காலம் மலாய்மொழித் தேர்வின்றியே குடியுரிமைக்குப் பதிந்துகொள்ள வாய்ப்பளிக்கப்பட்டது. இதனைச் சீனர் பெருமளவில் பயன்படுத்திக்கொண்டனர். 1959இல் வாக்காளருள் மலாய்க்காரர் ஏறத்தாழ 57, சீனர் 36, இந்தியர் 7 விழுக்காடு என்றாயிற்று. இந்தியரின் பங்கும் உயர்ந்ததே. எனினும் மக்கள் தொகைப் பங்கை அது எட்டவில்லை.

இரண்டாவது, எல்லை. முதல் நாடாளுமன்றத் தேர்தலுக்கு மட்டும் 1955இன் தொகுதி ஒவ்வொன்றையும் இரண்டாகப் பிரிக்க வேண்டுமென அரசமைப்பின் 171ஆம் விதி கூறிற்று. 52 இவ்வாறு 104 ஆயிற்று. ஈப்போ-மெங்லெம்பு ஈப்போவாகவும் மெங்லெம்புவாகவும் பிரிந்தது, முன்னதில் டி. ஆர். சீனிவாசகமும் பின்னதில் அவர் உடன்பிறந்தார் எஸ். பி. சீனிவாசகமும் வென்றனர். கிந்தா உத்தாராவின் பெயர் இப்பிரிவினையுடன் மறைந்தது. அதன் ஒரு பாதி சுங்கை சிப்புட், மறுபாதி உலு கிந்தா. 1959 ஆகஸ்டு 19ஆம் நாள் இவ்விரு பாதிகளும் எதிரெதிர்த் திசையில் வாக்களித்தன: சுங்கை சிப்புட் சம்பந்தனைத் தேர்ந்தெடுத்தது, உலு கிந்தா மக்கள் முற்போக்குக் கட்சிக்குச் சென்றது. நாடு முழுவதும் அக்கட்சி வென்ற நான்கு இடங்களுள் அதுவும் ஒன்று. பழைய தொகுதி பிரிக்கப்படாதிருந்தால் ம.இ.கா. தலைவரின் நிலை என்னவாகியிருக்கும் என்று கேட்கத் தோன்றுகிறது. உறுதியாகச் சொல்ல இயலாதாயினும், கோடு அவருக்குத் துணைநின்றது என்பதே என் கருத்து.

ஒரு தேர்தலுக்கென்று போடப்பட்ட அக்கோடு மூன்று தேர்தல்களுக்கு நிலைத்தது என்பதைப் பாடநூல்கள் எடுத்துரைப்பதில்லை. தேர்தல் ஆணையம் 1960இல் தொகுதிகளை 100ஆகக் குறைத்துப் புதிய எல்லைகளை வகுத்தது. 1962ஆம் ஆண்டின் அரசமைப்புத் திருத்தம் அவ்வரையறையைச் செல்லாததாக்கிப் பழைய 104ஐயே மீட்டது. ஆகவே 1964, 1969 தேர்தல்களும் அதே பாதிகளில் நடைபெற்றன. 1964இல் உலு கிந்தா கூட்டணியிடம் திரும்பிற்று. சுங்கை சிப்புட் மூன்று முறையும் சம்பந்தனிடமே இருந்தது.

இதே காலத்தில் கோட்டிற்குள் இருந்த மக்கள் இடம்பெயரலாயினர். ஐம்பதுகளின் இறுதியில் ஐரோப்பிய நிறுவனங்கள் தோட்டங்களை விற்றன; வாங்கியோர் அவற்றைத் துண்டாடினர். வேலையுடன் வீட்டையும் இழந்த தொழிலாளி பெயர் பதிந்த ஊரையும் இழந்தார். 1960இல் சம்பந்தன் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கத்தைத் தொடங்கித் தொழிலாளரின் சேமிப்பைக் கொண்டே தோட்டங்களை வாங்க முற்பட்டதை நாம் பொருளாதார முயற்சியாக மட்டுமே கற்பிக்கிறோம். தோட்டம் நிலைத்தாலன்றி வாக்காளரும் நிலைப்பதில்லை என்பதையும் அதனுடன் சேர்த்துக் கற்பிக்கலாம். 1969க்குப் பின் வேலை உரிமம் கிடைக்காமல் பல்லாயிரவர் தமிழகம் திரும்பியதும் இத்தொடர்ச்சியில் வைத்து நோக்கத்தக்கது.

1974இல் புதிய எல்லைகளில் தேர்தல் நடைபெற்றபோது சுங்கை சிப்புட்டில் ச. சாமிவேலு நின்று வென்றார். 2008இல் மைக்கல் ஜெயகுமாரிடம் 1,821 வாக்குகள் குறைவாகப் பெற்றுத் தோற்கும்வரை அத்தொகுதி அவரிடமிருந்தது. உலு கிந்தா நாடாளுமன்றத் தொகுதியாக இன்று இல்லை. பேரா சட்டமன்றத் தொகுதி ஒன்று மட்டுமே அப்பெயரைத் தாங்கியுள்ளது. கிந்தா உத்தாரா என்னும் பெயர் 1955இன் முடிவுப் பட்டியலில், சம்பந்தனின் பெயருக்கு எதிரே காணப்படுகிறது.