மேடையில் தந்தையும் அவர் கண்ட கனவும்

'அமெரிக்கக் கனவு' என்னும் தொடரை மக்கள் வழக்கில் பரவச் செய்தவர் வரலாற்றாசிரியர் ஜேம்ஸ் டிரஸ்லோ ஆடம்ஸ். 1931-இல் வெளிவந்த அவரது நூலின் வழி அத்தொடர் நிலைபெற்றது. எக்குடியில் பிறந்தவரும் தம் திறனாலும் உழைப்பாலும் உயரலாம் என்பதே அதன் சாரம். இந்நம்பிக்கை ஒரு வீட்டினுள் புகும்போது என்ன நிகழ்கிறது என்பதை நாடக மேடை கூர்ந்து ஆராய்ந்துள்ளது. அதனை இங்கு விளக்க முற்படுகிறோம்.

ஆர்தர் மில்லரின் 'ஒரு விற்பனையாளரின் மரணம்' 1949-இல் நியூயார்க்கில் அரங்கேறியது. அதன் நாயகர் வில்லி லோமன், அறுபதைக் கடந்த பயண விற்பனையாளர். பலரும் விரும்பும் மனிதனாக இருந்தால் வெற்றி தானே வரும் என்று நம்பியவர். அதையே தம் மகன்களுக்கும் ஊட்டியவர். மூத்த மகன் பிஃப் விளையாட்டில் புகழ்பெற்றவன். ஆனால், கணிதத்தில் தேறவில்லை. அவர்கள் ஏளனம் செய்த அண்டை வீட்டுப் பெர்னார்டோ பின்னாளில் வழக்கறிஞராகிறான். முதுமையில் நிறுவனம் வில்லியை விலக்குகிறது. தம் உயிரினும் 20,000 டாலர் காப்புறுதித் தொகையே மகனுக்குப் பயன்தரும் எனக் கணக்கிட்டு அவர் மாய்கிறார். வீட்டுக் கடன் தீர்ந்த நாளில், அவ்வீட்டில் வாழ அவர் இல்லை.

லொரைன் ஹான்ஸ்பெரியின் 'வெயிலில் ஓர் உலர்திராட்சை' 1959-இல் மேடையேறியது. இங்கே தந்தை முன்னரே இறந்துவிட்டார்; அவரது காப்புறுதித் தொகை 10,000 டாலர் மட்டுமே வந்து சேர்கிறது. தாய் அதில் ஒரு பகுதியை வெள்ளையர் வாழும் இடத்தில் வீடு வாங்க முன்பணமாகக் கட்டுகிறார். மீதியை மகன் வால்டர் கூட்டாளியிடம் பறிகொடுக்கிறான். கறுப்பினக் குடும்பம் அங்குக் குடிவராமலிருக்கப் பணம் தருவதாக ஒருவர் வருகிறார். தன் சிறுமகன் பார்த்து நிற்க, தந்தையின் உழைப்பை நினைவுகூர்ந்து வால்டர் அதனை மறுக்கிறான். வில்லி விட்டுச் செல்ல நினைத்தது பணம். வால்டர் பெற்றுக்கொண்டது தன்மானம்.

தமிழ் மேடைக்கும் இத்துயர் அந்நியமன்று. சுந்தரம் எழுதி, சிவாஜி கணேசன் நடித்து, 1970-இல் திரைப்படமாகவும் வந்த 'வியட்நாம் வீடு' நாடகத்தில் 'பிரெஸ்டீஜ்' பத்மநாபன் பணி ஓய்வு பெற்றதும் தம் வீட்டிலேயே மதிப்பிழக்கிறார். ஊதியம் நின்றதும் தந்தைமையும் தேய்கிறது.

நம் தோட்டப்புறத்து முன்னோருக்கும் வீடு வேலையோடு பிணைந்திருந்தது. வேலை போனால் லயத்து வீடும் போகும். தோட்டங்கள் துண்டாடப்பட்ட காலத்தில், 1960-இல் துன் வீ.தி. சம்பந்தன் தொடங்கிய தேசிய நிலநிதிக் கூட்டுறவுச் சங்கம் தொழிலாளரின் சேமிப்பைத் திரட்டித் தோட்டங்களை வாங்கியது. வில்லி தனியராகச் சுமந்த கனவை, அவர்கள் பலராகச் சேர்ந்து சுமந்தனர்.

தாசேக் கெலுகோர் வட்டாரத்து ஆசிரியர்களும் மாணவர்களும் வில்லியும் பிஃபும் மோதும் இறுதிக் காட்சியையும் வால்டர் மறுக்கும் காட்சியையும் அடுத்தடுத்துப் படித்துப் பார்க்க வேண்டுகிறோம். தான் எளிய மனிதனே என்று பிஃப் அழுது சொல்லும்போது, தந்தையின் செவியில் விழுவது மகன் தம்மை நேசிக்கிறான் என்பது மட்டுமே. மகன் கேட்ட விடுதலை விழவில்லை. தேர்வு முடிவு வரும் நாளில் நம் இல்லங்களிலும் இவ்வாறு செவி மூடிக்கொள்வதுண்டு. பிள்ளையின் மதிப்பெண்ணுக்கு முன் பிள்ளையின் சொல்லைக் கேட்கவேண்டும் என்பதே இந்நாடகங்கள் நமக்கு உணர்த்துவது.