இறைச்சிக்கோழித் தீவனத்தில் கொழுப்பும் சேர்பொருட்களும்

இறைச்சிக்கோழித் தீவனத்தில் மக்காச்சோளம், சோயா புண்ணாக்கு ஆகிய முதன்மைக் கூறுகளுடன் சிறிதளவு எண்ணெய் அல்லது கொழுப்பும், மிகக் குறைந்த அளவில் நொதிகள், உயிர்ச்சத்துகள், மருந்துகள் முதலிய தீவனச் சேர்பொருட்களும் கலக்கப்படுகின்றன. கறிக்கோழி, பிராய்லர் என்றழைக்கப்படும் இக்கோழி ஏறத்தாழ ஆறு வாரங்களில் 2 கிலோ எடையை எட்டி விடுகிறது. வளர்ப்புச் செலவின் பெரும்பகுதி தீவனத்திற்கே ஆகிறது.

தமிழ்நாட்டில் முட்டைக்கோழிக்கு நாமக்கல் பெயர் பெற்றது போல, இறைச்சிக்கோழிக்குப் பல்லடம், கோயம்புத்தூர் பகுதிகள் பெயர் பெற்றவை. 1990களில் இங்கு ஒப்பந்தப் பண்ணை முறை பரவியது. குஞ்சு, தீவனம், மருந்து ஆகியவற்றை நிறுவனம் தரும். கொட்டகையும் உழைப்பும் உழவருடையவை. தீவனத்தை எவ்வளவு சிக்கனமாக எடையாக மாற்றினார் என்பதைப் பொறுத்து அவரது வளர்ப்புக் கூலி அமையும். ஆனால் அத்தீவனத்தைக் கலப்பவர் அவரல்லர்.

கொழுப்பு ஏன் தேவை?

ஒரு கிராம் மாவுப்பொருள் சுமார் 4 கிலோகலோரியும், ஒரு கிராம் கொழுப்பு சுமார் 9 கிலோகலோரியும் ஆற்றல் தருகின்றன. வளரும் பருவத்தைப் பொறுத்து, ஒரு கிலோ தீவனத்தில் ஏறத்தாழ 3,000 முதல் 3,200 கிலோகலோரி வரை இருக்க வேண்டும். மக்காச்சோளத்தில் கிலோவுக்கு ஏறக்குறைய 3,300, சோயா புண்ணாக்கில் 2,300 என்று கொள்வோம். 60 பங்கு மக்காச்சோளமும் 35 பங்கு சோயாவும் சேர்ந்தால் 2,785 தான் கிடைக்கும். எஞ்சிய 5 பங்கில் 3 பங்கு எண்ணெய் (கிலோவுக்குச் சுமார் 8,500) இட்டால் 3,040 ஆகிறது. தானியத்தை மட்டும் கூட்டினால் புரதம் குறைந்து விடும் என்பதால் எண்ணெய் இன்றியமையாததாகிறது.

கொழுப்பு செரிக்கும்போது உடலில் தோன்றும் வெப்பம் குறைவு. கோடையில் தீனி எடுக்கத் தயங்கும் கோழிகளுக்கு இது நன்மையே. உடலால் தானே ஆக்கிக்கொள்ள இயலாத லினோலெயிக் அமிலமும் எண்ணெயிலிருந்து கிடைக்கிறது. எனினும் முதல் வாரக் குஞ்சுகளில் பித்த உப்புகளும் கொழுப்பைச் சிதைக்கும் நொதியும் போதிய அளவு சுரப்பதில்லை. குறிப்பாக மாட்டுக்கொழுப்பு போன்ற நிறைவுற்ற கொழுப்புகள் அவற்றுக்கு எளிதில் செரிப்பதில்லை. இதற்காக லெசித்தின் போன்ற பால்மமாக்கிகள் சேர்க்கப்படுவதுண்டு.

கெட்டுப்போன எண்ணெய் குறைந்த ஆற்றலே தருவதோடு உயிர்ச்சத்து ஏ, ஈ ஆகியவற்றையும் அழித்துவிடும். மலிவான கழிவெண்ணெயால் விளையும் கேட்டிற்கு 1999 இல் பெல்ஜியத்தில் நடந்தது ஓர் எடுத்துக்காட்டு. மறுசுழற்சிக் கொழுப்பில் மின்மாற்றி எண்ணெய் கலந்து, டையாக்சின் நஞ்சு தீவனம் வழியாகக் கோழிக்கும் முட்டைக்கும் சென்றது. குஞ்சு பொரிப்பது குறைந்ததே முதல் அறிகுறி. அவ்வாண்டு சூன் மாதத் தேர்தலில் ஆளும் கூட்டணி தோற்றது.

சேர்பொருட்கள்

தானியங்களிலும் புண்ணாக்கிலும் உள்ள பாசுபரசில் பெரும்பகுதி பைட்டேட்டாக இருப்பதால் கோழியால் அதைப் பயன்படுத்த முடியாது. ஃபைட்டேசு நொதி அதை விடுவிக்கிறது. எச்சத்தில் வீணாகும் பாசுபரசும் குறைகிறது. இரத்தக் கழிச்சல் நோயைத் தடுக்க மோனென்சின், சாலினோமைசின் போன்றவை சேர்க்கப்படுகின்றன. பூஞ்சை நஞ்சைப் பிணைக்கப் பெண்டோனைட்டுக் களிமண் உதவுகிறது. 1960 இல் இங்கிலாந்தில் ஒரு இலட்சத்திற்கும் மேற்பட்ட வான்கோழிகள் இறந்த பிறகே கடலைப் புண்ணாக்கில் இருந்த அஃப்ளாடாக்சின் கண்டறியப்பட்டது.

இவற்றுள் மிகுந்த சர்ச்சைக்குள்ளானவை நுண்ணுயிர் எதிரிகளே. அமெரிக்காவின் இலெடர்லே ஆய்வகத்தில் குளோர்டெட்ராசைக்ளின் நொதித்தலின் கழிவு, கோழிகளை விரைந்து வளரச் செய்வதை 1940களின் இறுதியில் சுடோக்சுடாடு, சூக்சு ஆகியோர் கண்டனர். (அம்மருந்து உருவானபோது அங்கு ஆய்வை வழிநடத்தியவர், சென்னை மருத்துவக் கல்லூரியில் பயின்ற எல்லாப்பிரகட சுப்பாராவ்.) குறைந்த அளவில் நெடுநாள் கொடுக்கும்போது எதிர்ப்புத் திறன் கொண்ட பாக்டீரியாக்கள் பெருகுகின்றன. மனிதருக்குக் கடைசிக்கட்ட மருந்தாக உள்ள கோலிசுட்டினுக்கு எதிரான, ஒரு பாக்டீரியாவிலிருந்து மற்றொன்றுக்குத் தாவக்கூடிய மரபணு 2015 இல் சீனாவில் அறிவிக்கப்பட்டது. வளர்ச்சிக்காக நுண்ணுயிர் எதிரிகளைச் சேர்ப்பதைச் சுவீடன் 1986 இலும், ஐரோப்பிய ஒன்றியம் 2006 சனவரியிலும் தடை செய்தன. கால்நடைகளுக்கும் தீவனத்திற்குமான கோலிசுட்டினை இந்திய அரசு 2019 சூலையில் தடை செய்தது.

மாற்றாக நன்மை தரும் பாக்டீரியாக்கள், கரிம அமிலங்கள், பூண்டு, மஞ்சள் முதலியன பயன்படுகின்றன. இவற்றின் பலன் பண்ணையின் தூய்மையைப் பொறுத்துப் பெரிதும் மாறுபடுகிறது.

கறிக்கோழிக்கு வளர்ச்சி இயக்குநீர் ஊட்டப்படுகிறது என்ற பரவலான நம்பிக்கைக்கு அடிப்படையில்லை. அது புரதமாதலால் தீவனத்தில் கலந்தால் செரித்து விடும். விரைந்த வளர்ச்சிக்குக் காரணம் பல தலைமுறைத் தேர்வு இனப்பெருக்கமும் மேற்கூறிய ஊட்டமுமே.