நாயில்லை, ஓநாய்

ராணி காமிக்ஸ் வாசகர்களுக்கு அவர் மாயாவி. லீ ஃபாக் 1936இல் உருவாக்கியபோது ஃபாண்டம். கூடவே வரும் டெவிலை நாய்னுதான் நினைக்கத் தோன்றும். கதைக்குள்ளேயே யாராவது அப்படிச் சொல்வார்கள். உடனே 'நாயில்லை, ஓநாய்' என்று திருத்தம் வரும். இது வெறும் வேடிக்கை இல்லை. நாய் விசுவாசமாக இருப்பதில் என்ன அதிசயம்? யாருக்கும் அடங்காத ஓநாய் இந்த ஒரு வெள்ளைக்காரனுக்கு மட்டும் அடங்குது என்றால்தான் அவன் அதிகாரத்துக்குக் காடே சம்மதித்துவிட்டதாக ஆகும். (1955இல் வந்த சூப்பர்மேனின் கிரிப்டோவுக்கு இந்த வேலை இல்லை. அங்கி போட்டுப் பறக்கிற செல்ல நாய், அவ்வளவுதான்.)

இப்போது மண்டையோட்டுக் குகை வாசலைப் பாருங்கள். உள்ளே டெவில் காவல். வெளியே விஷ அம்போடு பந்தர் இன மக்கள், அவர்களும் காவல். 1536இல் கரை ஒதுங்கிய முதல் ஃபாண்டமைப் பிழைக்க வைத்ததே இவர்கள்தான். பிறகு அவன் இவர்களை வசாகாக்களின் அடிமைத்தனத்திலிருந்து விடுவித்தானாம். விடுதலைக்கு விலை, நானூறு வருஷக் காவல் வேலை! பூர்வகுடியும் விலங்கும் ஒரே கட்டத்துக்குள், ஒரே விசுவாசத்தில். ஓநாய்க்குப் பேச்சு வராது. பந்தர்கள் பேசுவார்கள், பேசினால் துரை புகழ். 1954 வரை பிரெஞ்சுக் கொடி பறந்த சேதராப்பட்டுப் பக்கம் இதை ரொம்ப விளக்க வேண்டியதில்லை.

1964இல் தொடங்கிய இந்திரஜால் காமிக்ஸ், வங்காளத்தை நினைவூட்டும் பெங்கல்லாவை டெங்காலி ஆக்கியது. ஊர்ப்பேரைத்தான் மாத்தினாங்க, குகை வாசல் காவலை யாரும் தொடவில்லை.