ஒரே பெயரில் எத்தனை பேர்?

ஒரு நாட்டில் குறிப்பிட்ட ஒரு முழுப்பெயர் எத்தனை பேருக்கு இருக்கும் என்பதை, ஆட்களை எண்ணாமலேயே ஓரளவு சொல்லிவிட முடியும். இதற்கு அமெரிக்காவில் வசதி அதிகம். அங்கே மக்கள்தொகைக் கணக்கெடுப்புத் துறை, குறைந்தது 100 பேருக்காவது உள்ள குடும்பப்பெயர்களை எண்ணிக்கையோடு வெளியிடுகிறது. 2010-க்கான பட்டியலில் 1,62,253 பெயர்கள் உள்ளன. குழந்தைகளுக்கு வைத்த முதற்பெயர்களைச் சமூகப் பாதுகாப்புத் துறை 1880 தொடங்கி ஆண்டுவாரியாகத் தருகிறது. ஓர் ஆண்டில் ஐந்து பேருக்காவது வைத்த பெயர்தான் அதில் இடம்பெறும். இரண்டும் சேர்ந்த முழுப்பெயர்ப் பட்டியலை யாரும் வெளியிடுவதில்லை. அதனால்தான் கணக்குப் போட வேண்டியிருக்கிறது.

2010-ல் ஸ்மித் என்ற குடும்பப்பெயர் 24,42,977 பேருக்கு இருந்தது. அவர்களில் பாதிப் பேர் ஆண்கள் என்று கொண்டால் சுமார் 12.2 லட்சம். 1990 கணக்கெடுப்பின்படி ஆண்களில் 3.318 சதவீதம் பேர் ஜேம்ஸ். பெருக்கினால் ஜேம்ஸ் ஸ்மித்கள் ஏறக்குறைய 40,500 பேர். இருபது ஆண்டு இடைவெளியுள்ள இரண்டு பட்டியல்களைக் கலந்த கணக்கு இது. ஆனாலும் நாலாயிரமா, நாற்பதாயிரமா என்று தெரிந்துகொள்ள இது போதும்.

தமிழ்நாட்டில் இப்படிப் பெருக்கிப் பார்க்க வழியில்லை. இங்கே பெயருக்கு முன்னால் வருவது பெரும்பாலும் அப்பா பெயரின் இனிஷியல். அது தலைமுறைக்குத் தலைமுறை மாறிவிடும்.

அமெரிக்காவிலும் இந்தப் பெருக்கல் ஓர் அனுமானத்தின் மேல்தான் நிற்கிறது: எந்த முதற்பெயரும் எந்தக் குடும்பப்பெயரோடும் ஒரே அளவில் சேரும் என்பது அது. ஹோசே கார்சியா என்ற பெயரில் அந்த அனுமானம் உடைந்துபோகிறது. கார்சியா 11,66,120 பேர். 1990-ல் ஆண்களில் ஹோசே 0.613 சதவீதம். முன்போலவே பெருக்கினால் சுமார் 3,570 பேர்தான் வருகிறார்கள். ஆனால் ஹோசே என்ற பெயரை வைப்பவர்கள் பெரும்பாலும் ஹிஸ்பானிய வழியினர். அவர்கள் 1990-ல் மக்கள்தொகையில் 9 சதவீதம். ஆகவே அந்தச் சமூகத்துக்குள் ஹோசேயின் பங்கு பதினோரு மடங்கு வரை கூடுகிறது. கார்சியாக்களில் பத்தில் ஒன்பது பேர் அதே சமூகத்தினர். எனவே உண்மையான எண்ணிக்கை 3,570 அல்ல, அதைப் போலப் பத்து மடங்கு இருக்க வேண்டும். இதே காரணத்தால் ஹோசே ஸ்மித் என்ற பெயருக்குப் பெருக்கல் அளவுக்கு மீறிக் காட்டும். நல்ல மதிப்பீடு வேண்டுமென்றால் சமூகவாரியாகப் பிரித்துப் பெருக்கிப் பிறகு கூட்ட வேண்டும்.

வயதும் கணக்கைப் புரட்டும். ஜெனிஃபர் 1970 முதல் 1984 வரை பெண்குழந்தைப் பெயர்களில் முதலிடம். அந்த வயதினரிடையே மலிந்த அந்தப் பெயர், அவர்களுடைய பாட்டிமார் தலைமுறையில் அபூர்வம்.

அபூர்வப் பெயர்களில்தான் கணக்கு அதிகம் தடுமாறும். ஒரு குடும்பப்பெயர் நாட்டிலேயே 100 பேருக்கு. முதற்பெயரோ பத்தாயிரத்தில் ஒருவருக்கு. பெருக்கினால் 0.01 பேர், அதாவது அப்படி ஒருவர் இருக்க நூற்றில் ஒரு வாய்ப்பு. ஆனால் அந்த நூறு பேரும் இரண்டு மூன்று வீட்டு உறவினர்களாக இருக்கக்கூடும். தாத்தா பெயரைப் பேரன்களுக்கு வைக்கும் வழக்கம் அங்கே இருந்தால், அதே பெயரில் மூன்று பேர் ஒரே விருந்தில் உட்கார்ந்திருப்பார்கள். இந்த இடத்தில் சராசரிக்கு வேலை இல்லை. வம்சாவளியைப் புரட்டிப் பார்ப்பதே வழி.

இந்தக் கணக்குக்கு நடைமுறைப் பயன் உண்டு. பெயரும் பிறந்த தேதியும் பொருந்தினால் ஆள் ஒருவரே என்று பலரும் நினைக்கிறார்கள். எண்பது ஆண்டுகளுக்கு 29,220 நாட்கள். 40,500 ஜேம்ஸ் ஸ்மித்களை அவற்றில் பரப்பினால், நாள் ஒன்றுக்குச் சராசரியாக ஒருவருக்கு மேல் வருகிறார்கள். ஜேம்ஸ் முதலிடத்தில் இருந்த 1940 முதல் 1952 வரையிலான ஆண்டுகளில் இன்னும் நெருக்கம். இரண்டு மாநில வாக்காளர் பட்டியல்களை வைத்து, பெயரும் தேதியும் ஒன்று என்பதற்காக ஒருவரை நீக்கினால், ஓட்டு இழப்பவர் வேறொரு ஜேம்ஸ் ஸ்மித்தாக இருக்கலாம். 2002-ல் வந்த அமெரிக்கத் தேர்தல் சட்டம், வாக்காளர் பதிவுக்கு ஓட்டுநர் உரிம எண்ணையோ, அது இல்லாதவரிடம் சமூகப் பாதுகாப்பு எண்ணின் கடைசி நான்கு இலக்கங்களையோ கேட்கிறது.