பழைய தானியங்கி கியர் பெட்டிகளில் கியர் மாறும் கோளாறு

கியர் தாமதமாக மாறுவது, உதைத்து மாறுவது, மாறாமலே நிற்பது ஆகியவை பழைய தானியங்கி கியர் பெட்டிகளில் அடிக்கடி காணப்படும் கோளாறுகள் ஆகும். கணினிக் கட்டுப்பாடு வருவதற்கு முந்தைய பெட்டிகளில் இவற்றின் காரணம் பல நேரங்களில் பெட்டிக்கு வெளியே, ஒரு ரப்பர் குழாயிலோ கம்பியிலோ இருக்கும். அதைப் பார்க்காமல் பெட்டியையே இறக்கிப் பிரித்துவிடுவது வீண் செலவில் முடிகிறது. அமெரிக்காவின் ஜெனரல் மோட்டார்ஸ் நிறுவனம் 1964-இல் அறிமுகப்படுத்திய டர்போ ஹைட்ராமேட்டிக் 400, 1969-இல் அறிமுகப்படுத்திய 350 ஆகியவை இதற்கு நல்ல எடுத்துக்காட்டுகள். இவற்றுள் 400 வகை ரோல்ஸ் ராய்ஸ், ஜாகுவார் கார்களிலும் பொருத்தப்பட்டது.

கியரை மாற்றுவது எது?

இப்பெட்டிகளில் எண்ணெய் அழுத்தமே முடிவெடுக்கிறது. வண்டியின் வேகம் கூடக்கூட, கவர்னர் என்னும் சுழலும் உறுப்பு எண்ணெய் அழுத்தத்தைக் கூட்டி அடுத்த கியருக்குத் தள்ளும். எஞ்சினின் சுமையை அறிவது வேக்குவம் மாடுலேட்டர். இது பெட்டியின் பக்கவாட்டில் ஒரே போல்ட்டால் பிடிக்கப்பட்டிருக்கும் சிறு உலோக டப்பா. எஞ்சினின் இன்டேக் மேனிஃபோல்டிலிருந்து ஒரு குழாய் இதற்கு வரும். ஆக்சிலரேட்டரை ஆழமாக மிதித்தால் மேனிஃபோல்டில் வெற்றிடம் குறையும். அப்போது மாடுலேட்டர் பெட்டியின் அழுத்தத்தை உயர்த்தி, கியர் மாறுவதைத் தள்ளிப்போடும்.

குழாய் வெடித்திருந்தாலும் வெற்றிடம் குறையும். மெதுவாக ஓட்டினாலும் பெட்டி அதை மேடு ஏறும் சுமையாகவே எடுத்துக்கொள்ளும்; கியர் தாமதமாக, உதைத்து மாறும்.

சோதிக்கும் முறை

முதலில் எண்ணெய். சமதளத்தில் நிறுத்தி, சூடேறிய எஞ்சின் ஓடிக்கொண்டிருக்க, நெம்புகோலை ‘பார்க்’ நிலையில் வைத்து அளவு பார்க்க வேண்டும். பழுப்பு நிறமும் தீய்ந்த வாடையும் இருந்தால் கிளட்ச் தகடுகள் எரிந்துள்ளன. இளஞ்சிவப்புப் பால்போல இருந்தால் ரேடியேட்டர் நீர் கலந்துள்ளது. இவ்விரு நிலைகளிலும் பெட்டியைப் பிரிப்பதைத் தவிர்ப்பது அரிது.

எண்ணெய் நன்றாக இருந்தால் மாடுலேட்டரின் குழாயைக் கழற்றிப் பார்க்கலாம். உள்ளே சிவப்பு எண்ணெய் இருந்தால் மாடுலேட்டரின் சவ்வு கிழிந்திருக்கிறது. எஞ்சின் அந்த எண்ணெயை உறிஞ்சி எரிப்பதால் புகைபோக்கியில் வெண்புகை வரும்; தரையில் ஒரு சொட்டுக்கூட ஒழுகாமலே எண்ணெய் குறைந்துகொண்டே போகும். இந்த மூன்றும் சேர்ந்திருந்தால் வேறு சோதனை தேவையில்லை. மாடுலேட்டரை மாற்றினால் போதும்.

குழாய் உலர்ந்திருந்தால், அதன் முனையில் வெற்றிட மானியைப் பொருத்த வேண்டும். நல்ல எஞ்சினில் ஐடிலிங்கின்போது சுமார் 17 முதல் 21 அங்குலப் பாதரசம் காட்டும். மேனிஃபோல்டில் சரியாகவும் இம்முனையில் குறைவாகவும் இருந்தால் குழாயில் கசிவு. இரண்டு இடத்திலும் குறைவு என்றால் குற்றம் எஞ்சினுடையது: எரிந்த வால்வோ தவறிய இக்னிஷன் டைமிங்கோ இருக்கலாம். கியர் பெட்டியைப் புதிதாக்கினாலும் இக்கோளாறு அப்படியே இருக்கும்.

ஒரு கியரிலிருந்து மேலே மாறவே மறுத்தால் கவர்னர் சிக்கியிருக்க வாய்ப்புண்டு. 350 வகையில் அதன் மூடியை வெளியிலிருந்தே திறந்து எடுத்துவிடலாம். கியர் மாறும்போது எஞ்சின் மட்டும் உறுமி வேகம் கூடாதிருந்தால், அது கிளட்ச் வழுக்கலின் அறிகுறி.

700ஆர்4 வகையில் எச்சரிக்கை

1982-இல் வந்த 700ஆர்4 பெட்டியில் மாடுலேட்டர் இல்லை. கார்புரேட்டரிலிருந்து வரும் கம்பியே அழுத்தத்தை நிர்ணயிக்கிறது. 350 வகையிலும் ஒரு கம்பி உண்டு. ஆனால் அது வேகமாக முந்துவதற்குக் கீழ் கியருக்கு இறக்க மட்டுமே. இரண்டையும் ஒன்றென எண்ணுவது ஆபத்தானது. 700ஆர்4-இன் கம்பி தளர்ந்திருந்தால் கியர் சீக்கிரமாக, மிக மென்மையாக மாறும். ஓட்டுநருக்கு இது சுகமாகவே தோன்றும். உள்ளே அழுத்தம் போதாமல் கிளட்ச் தகடுகள் வழுக்கி எரிந்துகொண்டிருக்கும். இப்பெட்டி பொருத்திய வண்டியில் கம்பியைச் சரிசெய்யும் வரை ஓட்டக் கூடாது.